சான் ஃபிரான்சிஸ்கோவில் அரசு வழக்கறிஞரையே ஓட்டுப் போட்டு இறக்கினார்களாமே, உண்மையா?

செங்காங் அம்மா:

வணக்கம். என் பெரிய மகளை வேலையிடத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அனுப்புகிறார்கள். இரண்டு வருஷம். அவள் பெட்டி வாங்குவதற்கு முன்பே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வீடியோக்கள் வர ஆரம்பித்துவிட்டன. கார்க் கண்ணாடியை உடைக்கிற வீடியோ, மருந்துக்கடையில் குப்பைப்பை நிறைய அள்ளிக்கொண்டு ஒருவன் சைக்கிளிலேயே வெளியே போகிற வீடியோ. என் கொழுந்தனார் ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரே வரிதான் எழுதுகிறார்: "அந்த ஊர் பிராசிகியூட்டரே திருடன் பக்கம்."

போன ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் சாப்பிட உட்கார்ந்த இடத்திலும் இதே பேச்சு. அங்கே அரசு வழக்கறிஞரை ஜனங்கள்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்களாம். ஒருவர் வந்து கைதிகளை எல்லாம் திறந்து விட்டாராம். அவருடைய அப்பா அம்மாவே ஜெயிலில் இருந்தவர்களாம். அப்புறம் அதே ஜனங்கள் ஓட்டுப் போட்டு அவரை வீட்டுக்கு அனுப்பினார்களாம். கொழுந்தனார் சொல்வதில் பாதிதான் உண்மையாக இருக்கும். இதில் எந்தப் பாதி என்று எனக்குத் தெரியவில்லை.

நான் பாலர் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சட்டம் எனக்குத் தூரம். நம் சிங்கப்பூரில் டிபிபி, அதாவது கோர்ட்டில் அரசு தரப்பில் நிற்கிற துணை அரசு வழக்கறிஞர், யார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. செய்தித்தாளில் பெயர் வரும், படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவேன். அந்த வேலைக்குத் தேர்தல், சுவரொட்டி, பிரசாரம் என்றால் எப்படி இருக்கும் என்று கற்பனையே வரவில்லை. அங்கே இருந்தவர்கள் யாராவது நடந்ததை நடந்தபடி சொல்லுங்களேன். மகளிடம் கேட்டால் "அம்மா, பேசாம இரு" என்கிறாள்.

பழைய சன்செட் வாசி:

அக்கா, நான் 2016லிருந்து 2023 வரை சான் ஃபிரான்சிஸ்கோவில் சன்செட் பகுதியில் குடியிருந்தேன். இப்போது பொங்கோல். எனக்கு அங்கே ஓட்டு கிடையாது, வேலை விசாதான். அதனால் இந்தக் கூத்து முழுவதையும் டிக்கெட் வாங்காமல் பார்த்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கொழுந்தனார் சொன்னதில் அப்பா அம்மா கதை உண்மை. அவர் பெயர் சேசா பூடீன். 1981இல் நியூயார்க் பக்கம் ஒரு பண வண்டிக் கொள்ளை நடந்தது. இரண்டு போலீஸ்காரர்களும் ஒரு காவலாளியும் செத்தார்கள். பூடீனின் பெற்றோர் தீவிர இடதுசாரிக் குழுவில் இருந்தவர்கள். தப்பிக்கிற வண்டியில் இருந்தார்கள், கையில் துப்பாக்கி இல்லை, ஆனாலும் கொலைக்குற்றத்தில் உள்ளே போனார்கள். பிள்ளைக்கு அப்போது 14 மாதம். அம்மா 2003இல் வெளியே வந்தார். அப்பா வந்தது 2021இல், மகன் அரசு வழக்கறிஞராக இருக்கும்போது. சிறைக்குப் போய்ப் போய்ப் பெற்றோரைப் பார்த்து வளர்ந்தவன் நான் என்று சொல்லித்தான் அவர் ஓட்டே கேட்டார். ஒளித்துவைத்த ரகசியம் எதுவும் இல்லை.

"கைதிகளைத் திறந்து விட்டார்" என்பது மசாலா. நடந்தது வேறு. 2019 நவம்பரில் ஜெயித்தார், 2020 ஜனவரியில் பதவியேற்றார். அதற்கு முன் பப்ளிக் டிஃபென்டர், அதாவது குற்றம் சாட்டப்பட்ட வசதியில்லாதவர்களுக்காக அரசாங்கச் சம்பளத்தில் வாதாடுகிறவர். மேசையின் அந்தப் பக்கம் இருந்தவர் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். வந்த சில நாளிலேயே 7 வழக்கறிஞர்களை வேலையை விட்டு அனுப்பினார். தன் அலுவலகம் இனிமேல் பணப் பிணை கேட்காது என்றார். காசு இருக்கிறவன் அன்றே வெளியே போகிறான், இல்லாதவன் உள்ளேயே கிடக்கிறான் என்பது அவர் வாதம். இதெல்லாம் பிரசாரத்தில் சொன்னதுதான். சொன்னதைச் செய்தார் என்பதே பலருக்கு அதிர்ச்சி.

அவர் தலையெழுத்தை மாற்றியது 2020இன் கடைசி நாள். பரோலில், அதாவது சிறையிலிருந்து வந்து அதிகாரிகள் கண்காணிப்பில், இருந்த ஒருவர் திருட்டு காரில் சிவப்பு விளக்கைத் தாண்டி வந்து, செகண்ட் தெருவும் மிஷன் தெருவும் சந்திக்கிற இடத்தில் இரண்டு பெண்களை மோதிக் கொன்றார். அந்த ஆளின் பழைய கொள்ளை வழக்கை அதே ஆண்டு பேசி முடித்து, உள்ளே இருந்த காலமே போதும் என்று விட்டது பூடீனின் அலுவலகம். அதற்குப் பிறகு அந்த ஆள் பலமுறை பிடிபட்டார், அதே டிசம்பரில்கூட. ஒவ்வொரு தடவையும் புது வழக்குப் போடாமல், பரோல் அதிகாரிகள் பார்த்துக்கொள்வார்கள் என்று தள்ளிவிட்டார்கள். பரோல் அதிகாரிகளும் உள்ளே போடவில்லை. ஆக இரண்டு மூன்று கைகள் சேர்ந்து தவறவிட்ட ஆள். ஆனால் அதில் ஒரு கைக்குத்தான் முகமும் பெயரும் தேர்தலும் இருந்தது.

அடுத்த மாதமே இன்னொன்று. 84 வயது தாய்லாந்துக்காரர், காலையில் நடக்கப் போனவர், ஒரு இளைஞன் ஓடிவந்து தள்ளியதில் விழுந்து இறந்துபோனார். அந்தக் காட்சி கேமராவில் பதிவாகி உலகமே பார்த்தது. பூடீன் கொலைவழக்குப் போட்டார், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பிறகு ஒரு பத்திரிகையிடம் பேசும்போது, அந்த இளைஞனுக்கு ஏதோ ஆத்திரம் வந்து அடம்பிடித்த மாதிரி இருந்தது என்கிற பொருளில் ஒரு சொல்லைப் போட்டுவிட்டார். சின்னப் பிள்ளை கடையில் பொம்மை கேட்டுத் தரையில் புரளுமே, அதற்குச் சொல்கிற சொல். சன்செட்டில் பாதிக்கு மேல் ஆசியக் குடும்பங்கள். அந்தச் சொல்லை அவர்கள் மன்னிக்கவே இல்லை. அவர் பிறகு எவ்வளவு விளக்கம் கொடுத்தும் எடுபடவில்லை. என் பார்வையில் அவர் தோற்ற இடம் அதுதான். சட்டத்தில் தோற்றதைவிட நாக்கில் தோற்றது அதிகம்.

சரி, என் கதையும் சொல்கிறேன். என் காரை இரண்டு தடவை உடைத்தார்கள். முதல் தடவை உள்ளே இருந்தது பிள்ளையின் நீச்சல் பை, அதில் ஈரத்துண்டும் அரைப் பொட்டலம் பிஸ்கட்டும். அதற்குக் கண்ணாடி போட 300 டாலருக்கு மேல் ஆனது. அந்த ஊரில் நடைபாதை ஓரம் எங்கே பார்த்தாலும் கண்ணாடித் துகள் மின்னும். ஊர்க்காரர்கள் அதை வைரம் என்று கேலியாகச் சொல்வார்கள். சிலர் காரில் ஒன்றும் இல்லை என்று காட்ட பூட்டைத் திறந்தே போட்டுவிட்டுப் போவதையும் பார்த்திருக்கிறேன். இணையத்தில் புகார் பதிந்தேன், காப்பீட்டுக்கு ஓர் எண் வந்தது, அவ்வளவுதான். யாரும் பிடிபடவில்லை. கார் உடைக்கிறவன் அங்கே பிடிபடுவதே அபூர்வம். பிடிபடாதவன் மேல் எந்த அரசு வழக்கறிஞரும் வழக்குப் போட முடியாது, சரியா? இதை என் பக்கத்து வீட்டு சீனப் பாட்டியிடம் சொன்னேன். அவர், "அது தெரியும். ஆனா போலீஸ் சீஃப்புக்கு எனக்கு ஓட்டு இல்லையே, இவருக்குத்தானே இருக்கு" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அவரை இறக்க ஓட்டெடுப்பு நடத்தச் சொல்லி ஜனங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். முதல் மனு 2021 ஆகஸ்டில் கையெழுத்துப் போதாமல் விழுந்தது. இரண்டாவதற்கு 51,325 கையெழுத்து தேவை, 83,000க்கு மேல் கொடுத்தார்கள். பெரும் பணக்காரர்கள் காசு போட்டார்கள், இறக்கச் சொன்ன தரப்பு 70 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்தது. அதனால் இது பணக்காரர் சதி என்று அவர் ஆட்கள் சொன்னார்கள். பணம் உண்மை. ஆனால் பாட்டியின் சன்னலில் இருந்த 'இறக்கு' அட்டையை எந்தப் பணக்காரரும் வந்து ஒட்டவில்லை, அவரே ஸ்டூல் போட்டு ஏறி ஒட்டினார், நான்தான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வரும், சீனத்திலும் இருக்கும். பாட்டி அதைச் சமையலறை மேசையில், சோயா சாஸ் புட்டிக்கும் மாத்திரை டப்பாவுக்கும் நடுவில் விரித்து வைத்திருந்தார். 'எச்' என்ற எழுத்துள்ள கேள்வி, ஆம் என்றால் இறக்கு, இல்லை என்றால் இருக்கட்டும். கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்துவிட்டு, "இவர் போனா யார் வருவா? அது எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டார். எங்கேயும் எழுதியிருக்காது. அங்கே மேயர்தான் ஆளைப் போடுவார். பாட்டி கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அப்புறம் 'ஆம்' போட்டார்.

2022 ஜூன் 7. ஏறக்குறைய 55 விழுக்காடு இறக்கு என்றது. அதற்கு ஐந்து வாரம் முன்புதான் அவர் அம்மா இறந்திருந்தார்.

பிறகு மேயர் லண்டன் பிரீட் போட்ட ஆள் புரூக் ஜென்கின்ஸ். பூடீனின் அலுவலகத்தில் வேலை பார்த்து, 2021இல் விலகி, அவரை இறக்கும் பிரசாரத்தில் முன்னால் நின்றவர். தொண்டராகத்தான் நின்றேன் என்றார். பதவிக்கு வந்த அடுத்த மாதம், அந்த இயக்கத்தோடு தொடர்புடைய ஓர் அமைப்பிலிருந்து ஆலோசனைக் கட்டணமாக 1 லட்சம் டாலருக்கு மேல் வாங்கியது வெளியே வந்தது. அது வேறு அமைப்பு, வேறு வேலை என்றார். அந்த நவம்பரில் தேர்தலிலும் ஜெயித்துவிட்டார்.

குற்றம் குறைந்ததா என்று கேட்பீர்கள். கொலைக் கணக்கை மட்டும் சொல்கிறேன், அதில்தான் பூசி மெழுக முடியாது. பூடீன் இருந்த 2021இல் 56. ஜென்கின்ஸ் முழு ஆண்டு இருந்த 2023இல் 53. அதே ஜென்கின்ஸ் இருக்க 2024இல் 35. ஆள் மாறியபோது அப்படியே இருந்தது, ஆள் மாறாதபோது சடாரென்று இறங்கியது. கொழுந்தனாரிடம் இதைக் கொடுத்து விளக்கம் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற கிளார்க்:

அருமையாகச் சொன்னீர்கள் தம்பி. நான் வழக்கறிஞர் நிறுவனத்தில் 31 வருஷம் கோப்பு தூக்கியவன், ஹேவ்லாக் ரோடு நீதிமன்றத்துக்கு நடந்து நடந்தே செருப்புத் தேய்ந்தவன். அம்மா கேட்டதற்குக் கொஞ்சம் பின்னணி.

அமெரிக்காவில் ஆரம்பத்தில் இந்த வேலைக்கு நியமனம்தான். 1832இல் மிசிசிப்பி மாநிலம் முதலில் தேர்தலுக்கு விட்டது, பிறகு ஒவ்வொன்றாக மற்றவை. ஆளுநர் தன் ஆட்களுக்குப் பதவி கொடுக்கிறார், அதை ஜனங்கள் கையில் கொடுப்போம் என்பதுதான் அன்றைய எண்ணம். இன்று அலாஸ்கா, கனெக்டிகட், நியூ ஜெர்சி மாதிரி சில மாநிலங்களில் மட்டும் நியமனம்.

தம்பி சொன்னது மென்மையாக இருந்ததற்காக இறக்கப்பட்டவர் கதை. எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும். வட கரோலைனாவில் டர்ஹம் என்ற ஊர். மைக் நைஃபாங் என்ற அரசு வழக்கறிஞர். 2006இல் பல்கலைக்கழக விளையாட்டு அணி மாணவர்கள் மேல் ஒரு பெண் பாலியல் புகார் கொடுத்தார். அப்போது இவருக்கு மே மாதம் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற உட்கட்சித் தேர்தல். டிவிக்கு டிவி பேட்டி கொடுத்தார், தேர்தலுக்கு முன்பே இரண்டு பேர் மேல் குற்றம் சாட்டினார், தேர்தலில் ஜெயித்தார், பிறகு மூன்றாவது ஆள் மேலும் குற்றம் சாட்டினார். அவர்களுக்குச் சாதகமான டிஎன்ஏ முடிவை முழுசாக எதிர்த்தரப்புக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டார். 2007 ஏப்ரலில் மாநிலத் தலைமை வழக்கறிஞர் மூன்று பேரும் நிரபராதிகள் என்றே அறிவித்தார். ஜூனில் நைஃபாங்கின் வக்கீல் உரிமம் பறிபோனது, நீதிமன்ற அவமதிப்புக்கு ஒரு நாள் சிறையும் இருந்தார். ஓட்டுக்காக விட்டுவிடுவதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், ஓட்டுக்காகப் பிடித்துப் போடுவதைப் பற்றி யாரும் வாட்ஸ்அப் அனுப்புவதில்லை.

நம் ஊரில் தலைமைச் சட்ட அதிகாரிதான் பப்ளிக் பிராசிகியூட்டர். பிரதமர் ஆலோசனை சொல்லி அதிபர் நியமிக்கிறார், அதிபர் இணங்க மறுக்கவும் இடமுண்டு. வழக்குத் தொடுக்கலாமா, நடத்தலாமா, கைவிடலாமா என்பது அவர் விருப்புரிமை, அரசமைப்புச் சட்டம் 35ஆம் பிரிவிலேயே இருக்கிறது. கோர்ட்டில் நீங்கள் பார்க்கிற டிபிபி எல்லாரும் அவருக்காக நிற்பவர்கள். ஓட்டுக்காக யாரிடமும் பல்லிளிக்க வேண்டியதில்லை. எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது.

தெம்பனிஸ் சந்தேகி:

பிடித்திருக்கலாம் ஐயா, ஆனால் அவ்வளவு சுலபமாகத் தாண்டிப் போக வேண்டாம். ஓர் இந்தோனேசியப் பணிப்பெண் முதலாளி வீட்டில் திருடியதாக 2019இல் குற்றவாளி என்று தீர்ப்பு. 2020 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. ஒரு டிவிடி பிளேயர் ஓடுமா ஓடாதா என்பதுகூட அந்த வழக்கில் பெரிய கேள்வியாக இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது. அன்றைக்கு நம் கோப்பிக்கடை முழுக்க ஒரே கேள்விதான், இந்த வழக்கை எதற்கு இவ்வளவு தூரம் கொண்டுபோனார்கள் என்று. நாம் யாரிடம் கேட்டோம்? ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டோம்.

2017இல் தலைமைச் சட்ட அதிகாரியாக வந்தவர் அதற்கு முன் அப்போதைய பிரதமரின் சொந்த வழக்கறிஞராக இருந்தவர் என்பதும் நாடாளுமன்றத்தில் கேள்வியாக வந்ததுதான். தவறு நடந்தது என்று நான் சொல்லவில்லை. கேட்க வேண்டுமென்றால் ஓர் எம்பி எழுந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சீனப் பாட்டிக்கு மேசையில் ஒரு காகிதமும் பேனாவும் இருந்தது.

பழைய சன்செட் வாசி:

இருந்தது. ஆனால் அந்தக் காகிதம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கும் அண்ணே, ஆளைப் பிடிக்கிறதா இல்லையா என்று. அதனால் அவர் உருப்படியாகச் செய்ததும் சேர்ந்தே அடிபட்டுப் போகும். ஓர் உதாரணம். 2022 பிப்ரவரியில் பூடீன் ஒன்றைக் கண்டுபிடித்து வெளியே சொன்னார். பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண், குற்றவாளியைப் பிடிக்கட்டும் என்று கொடுத்த டிஎன்ஏவைப் போலீஸ் ஆய்வகம் பத்திரமாக வைத்துக்கொண்டு, பல வருஷம் கழித்து அதே பெண்ணை வேறொரு சொத்துக் குற்றத்தில் பிடிக்கப் பயன்படுத்தியிருக்கிறது. படித்தபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. அவர் அந்த வழக்கைக் கைவிட்டார். இனி அப்படிச் செய்யக் கூடாது என்று அந்த ஆண்டே கலிஃபோர்னியாவில் சட்டம் வந்தது. அதே மாதத்தில்தான் போலீஸ் தலைவரும் அவரும் வேறொரு விஷயத்தில் வெளிப்படையாக முட்டிக்கொண்டார்கள். போலீஸ்காரர்கள் மேல் வழக்குப் போட்ட அரசு வழக்கறிஞர் அவர். ஜூனில் ஓட்டுப் போட்டவர்களில் எத்தனை பேருக்கு இது ஞாபகம் இருந்திருக்கும்? என் தெருவில் யாருமே இதைப் பேசவில்லை.

ஃபிலடெல்ஃபியாவில் லாரி கிராஸ்னர் என்று இதே மாதிரி ஒருவர். 2022இல் மாநில அவை அவர் மேல் பதவிநீக்கத் தீர்மானமே போட்டது, விசாரணை நடக்கவே இல்லை. ஊர்க்காரர்கள் அதற்கு முன்பும் பின்பும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஊரே இறக்கியது, அங்கே மாநிலம் இறக்கப் பார்த்தும் ஊர் விடவில்லை.

ஓய்வுபெற்ற கிளார்க்:

பணிப்பெண் வழக்கு நியாயமான கேள்விதான் தெம்பனிஸ். ஆனால் கவனித்தீர்களா, அதைச் சரிசெய்தது மேல்முறையீடு. ஒரு நீதிபதி உட்கார்ந்து ஒவ்வொரு பொருளாக எடுத்துப் பார்த்தார். அதற்கு ஓட்டுப் பெட்டி வைத்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு எத்தனை ஓட்டு விழுந்திருக்கும்? நான் சந்தேகப்படுகிறேன்.

தெம்பனிஸ் சந்தேகி:

அது வாஸ்தவம். ஆனாலும் அந்தப் பேனா எனக்கு வேண்டும் ஐயா.

செங்காங் அம்மா:

எல்லாருக்கும் நன்றி. மூன்று தடவை படித்தேன். பாட்டி பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். "நானா இருந்தா வெத்துச் சீட்டா அனுப்பியிருப்பேன்" என்றார். அவர் எப்போதும் அப்படித்தான்.

கொலைக் கணக்கைக் குழுவில் போட்டேன். கொழுந்தனார் இன்னும் பதில் எழுதவில்லை, நீல டிக் மட்டும் வந்திருக்கிறது. மகள்தான் தனியாகக் கூப்பிட்டு, "இதெல்லாம் எங்கம்மா பிடிச்ச?" என்றாள். கார் வாங்கப் போவதில்லையாம், அலுவலகத்துக்கு ட்ராம் இருக்கிறதாம். தம்பி, சன்செட் பக்கம் வீடு பார்க்கலாமா? குளிர் அதிகமா? அந்தப் பாட்டி இன்னும் அங்கே இருக்கிறாரா?

பழைய சன்செட் வாசி:

இருக்கிறார் அக்கா, போன மாதம்கூட வீடியோ கால் பேசினோம். ஜூலையில்கூட ஸ்வெட்டர் வேண்டும், கடல் பனி மூட்டம் மதியம் வரை விலகாது. 'என் ஜூடா' ட்ராம் அந்த வழியாகத்தான் போகும். தனிச்செய்தியில் எழுதுங்கள், பாட்டி வீட்டுக் கீழ்த்தளம் காலியாக இருக்கிறதா என்று கேட்டுச் சொல்கிறேன்.